வாட்ஸ்ஆப்ல செஞ்ச நம்ம ஊரு ஸ்டிக்கரை டெலிகிராமுக்கு கொண்டு போக: ஸ்டிக்கர்ஸ் பாட் ரிவ்யூ

டெலிகிராம் கம்பெனியே நடத்துற ஸ்டிக்கர்ஸ் பாட் பத்தின ரிவ்யூ இது, பாட்னா (bot) டெலிகிராமுக்குள்ளயே நாம மெசேஜ் அனுப்புனா தானா பதில் சொல்லி வேலை செய்ற கணக்கு. வாட்ஸ்ஆப்ல நீங்களே செஞ்சு சேத்து வச்சிருக்க ஸ்டிக்கர் எல்லாத்தையும் டெலிகிராமுக்கு மாத்தணும்னா ப்ளே ஸ்டோர்ல கெடக்குற கன்வர்ட்டர் ஆப் ஒண்ணும் வேண்டாம், இந்த பாட் ஒண்ணே போதும், காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுக்கலாம். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு பின்னால சொல்றேன்.

எனக்கு எதுக்கு இது தேவைப்பட்டுச்சுன்னா, எங்க ஊரு கிளப் குரூப் வாட்ஸ்ஆப்ல இருந்து டெலிகிராமுக்கு மாறிட்டு. புதுசா சேருறவங்களுக்கும் பழைய திருவிழா போட்டோ வீடியோ எல்லாம் தெரியும், நம்பர் யாருக்கும் தெரியாம இருக்கலாம், அதனால பொம்பளப் புள்ளைகளும் தயங்காம சேருது, மாறுனது நல்லதுதான். ஆனா வருஷக்கணக்கா எல்லாரும் சேந்து செஞ்ச ஸ்டிக்கர் மட்டும் பழைய வீட்டுலயே கெடந்துட்டு. ஆச்சி முகத்துல "சாப்பிட்டியா மக்ளே", மாத்தூர் தொட்டிப்பாலத்து போட்டோ மேல "பைய வாரேன்", மட்டிப்பழக் குலைக்கு கீழ "கொள்ளாம் டே", மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருக்க தட்டுல "சோலிய முடிச்சிட்டு வா". ஆப் ஸ்டோர்ல தமிழ் ஸ்டிக்கர்னு தேடுனா சினிமா காமெடி முகமாத்தான் வரும், நம்ம பேச்சு அதுல எங்க இருக்கு? நாகர்கோவில் பக்கம் ஒரு பேச்சு, மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை பக்கம் போனா இன்னொரு பேச்சு, ரெண்டுமே எந்த ரெடிமேட் பேக்லயும் (ஸ்டிக்கர் தொகுப்பு) வராது. நாமளே செஞ்சாத்தான் உண்டு, தொலைச்சா திரும்ப டவுன்லோடு பண்ணவும் கெடைக்காது கேட்டியளா. அதனாலதான் இதுல இவ்வளவு மெனக்கெட்டேன்.

மொதல்ல ஸ்டிக்கரை வாட்ஸ்ஆப்ல இருந்து வெளிய எடுக்கணும், கொஞ்சம் எரிச்சல் வர்ற எடம் இதுதான். சேட்ல ஸ்டிக்கரை அமுக்குனா பேவரைட்ல சேக்கச் சொல்லும், கேலரில சேவ் பண்ண வழி காட்டாது. ஆண்ட்ராய்டு போன்னா பைல் மேனேஜரை தொறந்து ஆண்ட்ராய்டு, அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள காம் டாட் வாட்ஸ்ஆப்னு ஒரு போல்டர், அப்புறம் வாட்ஸ்ஆப், திரும்ப மீடியா, கடைசில வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர்ஸ்னு இருக்கும், எல்லாம் அங்க வெப்-பின்னு (WebP) ஒரு வகை பட பைலா கெடக்கும். நம்ம ஸ்டிக்கர் மட்டும் இல்ல, எந்தெந்த குரூப்ல யார் யார் என்ன அனுப்புனாங்களோ அத்தனையும் சேந்து கலந்து கெடக்கும், குட்மார்னிங் ரோஜாப்பூ உட்பட. பேரும் எஸ்டிகே (STK), தேதி, நம்பர்னு இருக்கும், அதை வச்சு எது எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. தம்ப்நெயில் காட்டுற மாதிரி வியூவை மாத்தி வச்சுகிட்டு, வேண்டியதை மட்டும் தனி போல்டர்ல காப்பி பண்ணுங்க. கட் பண்ணாதீங்க, காப்பி. ஐபோன்ல இந்த போல்டரே கண்ணுல படாது, அதனால ஐபோன் வச்சிருக்கவங்க அந்த ஸ்டிக்கரை எல்லாம் வீட்டுல ஆண்ட்ராய்டு வச்சிருக்க யாருக்காவது வாட்ஸ்ஆப்ல அனுப்பி அங்க இருந்து எடுக்குறதுதான் சுளுவு.

இனி பாட். டெலிகிராம்ல ஸ்டிக்கர்ஸ்னு (@Stickers) தேடுனா நீல டிக்கோட வரும், டிக் இருக்கான்னு பாத்துகிடுங்க, இதே பேரை ஒட்டி வேற ஆளுங்க செஞ்ச பாட்டும் உண்டு. நியூபேக் (/newpack) கமாண்ட் குடுத்தா பேக்குக்கு பேரு கேக்கும், தமிழ்லயே வைக்கலாம். அப்புறம் ஒவ்வொரு ஸ்டிக்கரா அனுப்பணும், ஒவ்வொண்ணுக்கும் பொருத்தமான எமோஜி ஒண்ணு அனுப்பணும், எல்லாம் முடிஞ்சா பப்ளிஷ் (/publish), ஐகான் வேண்டாம்னா ஸ்கிப் (/skip), கடைசில லிங்க்குக்கு ஒரு இங்கிலீஷ் பேரு. அவ்வளவுதான் சங்கதி. இதுல நெறைய பேருக்கு இடிக்கிறது ஒரே ஒரு எடம், ஸ்டிக்கரை போட்டோவா அனுப்பக்கூடாது, பைலா அனுப்பணும். போட்டோவா போனா டெலிகிராம் அதை ஜேபெக் (JPEG) படமா மாத்திடும், பின்னால இருக்க வெறும் எடம் அடைஞ்சு போயிரும், பாட்டும் எடுத்துக்காது.

சைஸ் பிரச்சினை இந்தப் பக்கம் வராது, அதுதான் இதோட பெரிய நிம்மதி. வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர் 512க்கு 512 பிக்சல், டெலிகிராமுக்கும் ஏதாவது ஒரு பக்கம் 512 இருந்தா போதும். பைல் சைஸ் பாத்தா வாட்ஸ்ஆப் பேக்ல அசையாத ஸ்டிக்கர் ஒண்ணுக்கு 100 கேபி தான் வரம்பு, டெலிகிராம் 512 கேபி வரைக்கும் விடும். அதனால சின்னதுல இருந்து பெருசுக்கு போற மாதிரி, ஒண்ணையும் வெட்டவோ சுருக்கவோ வேண்டாம், அசல் எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே போய் உக்காந்துரும். ஆச்சி கண்ணாடில விழுந்த வெளிச்சம் கூட அப்பிடியே இருக்கு.

எமோஜி வைக்கிறதை சும்மா ஒப்புக்கு செய்யாதீங்க. டைப் பண்ற எடத்துல அந்த எமோஜிய போட்டா உங்க ஸ்டிக்கர் மேல வந்து நிக்கும், அதுக்குத்தான் கேக்குது. எல்லாத்துக்கும் ஒரே சிரிப்பு எமோஜி வச்சா தேடும்போது அத்தனையும் ஒண்ணா வந்து கொட்டும். நாங்க சாப்பாட்டு ஸ்டிக்கருக்கு எல்லாம் மீன் எமோஜி, வாரேன் போறேன் வகைக்கு எல்லாம் பஸ் எமோஜின்னு பிரிச்சு வச்சிருக்கோம், இப்ப ஆளுங்க டக்கு டக்குனு எடுத்து போடுறாங்க.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது எதுன்னா, கடைசில கையில கெடைக்கிறது ஒரு லிங்க். அதை குரூப்ல போட்டா சவுதில இருக்கவனும் சேத்துகிடலாம், கம்ப்யூட்டர்ல இருக்கவனும் சேத்துகிடலாம், ஐபோனா ஆண்ட்ராய்டான்னு பேச்சே இல்ல. போன் ஒடைஞ்சாலும் பேக் போகாது, டெலிகிராம் சர்வர்ல இருக்கும். வாட்ஸ்ஆப்ல வேற ஆப் வழியா சேத்த பேக் அப்பிடி கிடையாது, அந்த ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணுனா அதோட சேந்து பேக்கும் போயிரும், பேவரைட்ல போட்டது மட்டும் மிஞ்சும். அப்புறம் பாட்ல ரீப்ளேஸ்ஸ்டிக்கர்னு (/replacesticker) ஒரு கமாண்ட் உண்டு, எழுத்துப்பிழை இருக்க ஒரு ஸ்டிக்கரை எடுத்துட்டு திருத்துனதை வச்சா, பேக்க ஏற்கனவே சேத்தவங்க எல்லாருக்கும் அதுவே மாறிரும், திரும்ப லிங்க் அனுப்ப வேண்டாம். இத்தனை வசதிய காசு இல்லாம குடுக்குறது பெரிய விஷயம்.

இனி அந்த ஒரு ஸ்டார். அசையுற ஸ்டிக்கர் இருக்கே, அது இந்த பாட்ல நேரா ஏறாது. வாட்ஸ்ஆப்ல அசையுறதும் வெப்-பி தான், ஆனா டெலிகிராம் அசையுறதுக்கு வேற பார்மட் கேக்குது, வெப்எம் (WebM) வீடியோ, விபி9 (VP9) கோடெக், அதாவது வீடியோவை சுருக்குற முறை, 3 செகண்டுக்கு மேல போகக்கூடாது, 256 கேபிக்குள்ள இருக்கணும், சத்தம் இருக்கக்கூடாது. வாட்ஸ்ஆப்ல 500 கேபி வரைக்கும் விட்டதால நம்ம அசையுற ஸ்டிக்கர் நெறையது அதை தாண்டித்தான் இருக்கும். கம்ப்யூட்டர்ல வெப்-பிய கிப்பா (GIF) மாத்தி, கிப்ப வெப்எம்மா மாத்தி, அப்புறம் நியூவீடியோ (/newvideo) கமாண்ட்ல ஏத்தணும். நடுவுல கிப்ப கொண்டு வந்தா ஓரம் எல்லாம் ரம்பம் மாதிரி வந்துரும், ஏன்னா கிப்ல ஒரு பிக்சல் இருக்கும் இல்ல இருக்காது, பாதி தெரியுற மாதிரி வைக்க அதுல வழி கிடையாது. கிளப் பையன் ஒருத்தன் ஒவ்வொரு பிரேமையும் பிஎன்ஜியா பிரிச்சு திரும்ப சேத்து சுத்தமா கொண்டு வந்தான், ஆனா அதை எல்லாராலயும் செய்ய முடியுமா? பாட்டே மாத்தி குடுத்தா என்ன. இதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறைச்சேன்.

இந்த கன்வர்ட்டர் ஆப் எல்லாம் அந்த எடத்துலதான் ஆசை காட்டும், ஒரே தட்டுல எல்லாம் மாத்தித் தாரேன்னு. ஒண்ணு போட்டு பாத்தேன், பேரு வேண்டாம். ஸ்டிக்கர் ஒண்ணுக்கு ஒரு வீடியோ விளம்பரம், மொத்த கேலரிக்கும் பர்மிஷன், முடிஞ்ச பிறகு ஓரத்துல அவங்க பேரு. நம்ம வீட்டு ஆளுங்க முகம் இருக்க படத்தை முன்னபின்ன தெரியாத ஆப்புக்கு குடுக்காதீங்க.

முகம்னு சொன்னதும் இதையும் சொல்லிடணும். டெலிகிராம் பேக் ரகசியம் கிடையாது. நீங்க ஒரு ஸ்டிக்கரை ஒரு ஆளுக்கு அனுப்புனா அவரு அதை தட்டி மொத்த பேக்கையும் சேத்துகிடலாம், அவரு இன்னொருத்தருக்கு அனுப்பலாம், அங்க இருந்து எங்க போகும்னு நம்ம கையில இல்ல. அதனால சின்னப் புள்ளைங்க போட்டோ வச்ச ஸ்டிக்கர் ஒண்ணைக்கூட நாங்க ஏத்தல, பெரியவங்க முகத்தையும் கேட்டுட்டுத்தான் ஏத்துனோம், ஆச்சி சிரிச்சுகிட்டே சரின்னு சொல்லிட்டா. குடும்பத்துக்குள்ள மட்டும்னா சிக்னல்னு இன்னொரு மெசேஜ் ஆப் பாக்கலாம், அங்க பேக் என்கிரிப்ட் ஆகி, அதாவது பூட்டித்தான் ஏறும், லிங்கோ அந்த பேக்ல இருந்து ஒரு ஸ்டிக்கரோ கெடைச்சவங்களுக்குத்தான் தொறக்கும், ஆனா லிங்க் வெளிய போனா அதுவும் போச்சு. அங்க பேக் செய்ய கம்ப்யூட்டர்ல சிக்னல் வேணும், ஒரு ஸ்டிக்கர் 300 கேபிக்குள்ள இருக்கணும், ஒருக்க ஏத்திட்டா திருத்த முடியாது.

டெலிகிராம்ல இருந்து வாட்ஸ்ஆப்புக்கு திரும்ப கொண்டு வாறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த பாட் அதுக்கு ஒதவாது. வாட்ஸ்ஆப்ல வேற ஆப் வழியா போடுற ஒரு பேக்ல கொறைஞ்சது 3, கூடுனா 30 ஸ்டிக்கர்தான், அசையுறதும் அசையாததும் ஒரே பேக்ல கலக்கக்கூடாது. டெலிகிராம்ல 120 ஸ்டிக்கர் ஒரே பேக்ல வச்சிருந்தீங்கன்னா அங்க நாலு பேக்கா ஒடைக்கணும், 100 கேபிக்கு மேல இருக்கதை எல்லாம் சுருக்கவும் வேணும். அதனால வெளிய எடுத்த அந்த வெப்-பி போல்டரை அழிக்காம ஒரு பென்டிரைவ்லயோ கம்ப்யூட்டர்லயோ போட்டு வைங்க, நாளைக்கு எந்த ஆப்புக்கு மாறுனாலும் அங்க இருந்தே தொடங்கலாம்.

அப்புறம் பப்ளிஷ் பண்ணும்போது லிங்க்குக்கு வைக்கிற இங்கிலீஷ் பேரை நிதானமா யோசிச்சு வைங்க. பேக்கோட தலைப்பை எப்ப வேணும்னாலும் மாத்தலாம், லிங்க் பேரை பிறகு மாத்த முடியாது, அடிச்சு பாக்க சின்னதா ஊரு பேரோட இருந்தா வயசானவங்களுக்கு போன்ல சொல்லிக் குடுக்கவும் லேசா இருக்கும்.