'12000 கிரிட் ஜப்பான் இயற்கைக் கல்' வாங்குமுன் இதைப் படியுங்கள்

சவரக்கத்தி தீட்டுவதற்கு 'ஜப்பான் இயற்கைக் கல், 12000 கிரிட்' என்று போட்டு இணையத்தில் மலிவாக ஒரு கல் விற்கிறார்கள். கிரிட் என்பது கல்லின் துகள் எவ்வளவு நுண்மையானது என்பதைச் சொல்லும் எண்; எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும். தயவுசெய்து வாங்காதீர்கள். எனக்கு அதில் 8,400 ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள், நன்றாக இருந்த ஒரு சோலிங்கன் (ஜெர்மனியில் கத்திகளுக்குப் பேர்போன ஊர்) சவரக்கத்தியின் விளிம்பையே அந்தக் கல் கெடுத்துவிட்டது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: கியோட்டோ பக்கத்து நகாயமா சுரங்கத்துக் கல், பழைய இருப்பு, கடைசித் தீட்டலுக்கு உகந்தது. கல்லின் மேல் ஜப்பானிய எழுத்தில் முத்திரை, உடன் ஒரு மரப்பெட்டி. நகாயமா சுரங்கம் 1960-களிலேயே மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்து முன்பு வெட்டிய கற்கள்தான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் 'பழைய இருப்பு' என்றதும் நம்பும்படியாகவே இருந்தது.

என் கத்தியை ஏற்கெனவே 8000 செயற்கைக் கல் வரை தீட்டி வைத்திருந்தேன். சவரம் சுகமாகவே இருந்தது. இந்தப் புதுக் கல்லில் தண்ணீர் தெளித்து, அழுத்தமே கொடுக்காமல் தேய்த்து, தோல்வாரில் (தீட்டிய விளிம்பை இழுத்துச் சீராக்கும் தோல் பட்டை) இழுத்துவிட்டு முகத்தில் வைத்தால் தாடையோரம் முழுக்க எரிச்சல், இரண்டு மூன்று இடங்களில் ரத்தப் புள்ளி. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். 8000 கல் விட்டிருந்த மெல்லிய பளபளப்பின் மேல் ஆழமான கீறல்கள். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு பொக்கைகள்.

அப்புறம் கல்லைச் சோதித்தேன். மேற்பரப்பில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கல்லைச் சமப்படுத்த உதவும், வைரத்தூள் பதித்த தட்டில் லேசாகத் தேய்த்தேன். இரண்டு ஓரங்களிலும் கோடு அழிந்துவிட்டது, நடுவில் அப்படியே நின்றது. அதாவது கல் நடுவில் குழிந்திருக்கிறது. குழி போகும் வரை தேய்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: மேலே இருந்த பழுப்பு மஞ்சள் வெறும் சாயம். அது போனதும் உள்ளே சுண்ணாம்பு போல ஒரே வெள்ளை. மூலையில் இருந்த முத்திரையும் சாயத்தோடு போய்விட்டது.

சமையல் கத்தியாக இருந்தால் இந்தக் கல்லோடு எப்படியோ சமாளித்துவிடலாம். சவரக்கத்தியில் அது நடக்காது. இதில் கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. முதுகையும் விளிம்பையும் ஒருசேரக் கல்லில் படுக்க வைத்துத்தான் தீட்டுகிறோம், முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தருகிறது. கல் குழிந்திருந்தால் விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி படாது. நன்றாகத் தீட்டிய விளிம்பின் நுனி ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தடிமன். மாவுக்குள் ஒரு மணல் கிடந்தாலும் பல்லில் படுவது போல, கல்லின் நுண்துகள்களோடு கலந்த ஒரே ஒரு பெரிய துகள் அந்த நுனியை உடைத்துவிடும்.

இப்போது அந்த '12000' பற்றி. கிரிட் எண் என்பது செயற்கைக் கல்லுக்கு உரியது. ஆலையில் அலுமினியம் ஆக்சைடையோ சிலிக்கான் கார்பைடையோ பொடியாக்கி, துகள் அளவு பார்த்துப் பிரித்து, அந்த அளவுக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். ஜப்பானிய அளவுமுறையில் 1000 என்றால் சுமார் 11.5 மைக்ரான், 4000 என்றால் 3 மைக்ரான், 8000 என்றால் 1.2 மைக்ரான். ஐரோப்பிய முறையில் அதே 3 மைக்ரானுக்கு எஃப்1200 என்று பெயர். எந்த அளவுமுறை என்று சொல்லாத எண்ணை வைத்து ஒன்றுமே முடிவு செய்ய முடியாது.

மண்ணிலிருந்து வெட்டிய கல்லை அப்படி யாரும் சலித்துப் பிரிப்பதில்லை. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிகுல் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்டுவது கார்னெட் மணிகள். அவை பல மைக்ரான் பெரியவை. ஆனாலும் உருண்டை வாக்கில் இருப்பதால் ஆழமாகக் கீறாமல் மென்மையான விளிம்பைத் தருகின்றன. அதற்கு என்ன எண் போடுவீர்கள்? நல்ல வியாபாரிகள் 'ஏறத்தாழ இந்தச் செயற்கைக் கல்லுக்கு நிகராக வேலை செய்யும்' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். இயற்கைக் கல்லின் மேல் 12000 என்று அச்சடித்திருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "சார், கல்லை யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார். சாயம் போனதைச் சொன்னேன். "நேச்சுரல் கல்லுன்னா கலர் மாறத்தான் சார் செய்யும்" என்றார். நேச்சுரல் கல்லுக்கு 12000 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது ஜப்பான்லயே டெஸ்ட் பண்ணிப் போட்டது சார்." அதன் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. அவருடைய மற்ற விளம்பரங்களைத் தேடிப் பார்த்தேன். அதே படம், மூலையில் அதே கறை, நடுவில் அதே கோடு. ஒன்றில் 8000, இன்னொன்றில் 10000, என்னுடையதில் 12000. ஒரே கல்லின் படத்தை மூன்று விலைக்குப் போட்டிருக்கிறார்!

பயன்படுத்திவிட்டீர்கள் என்ற பதிலைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். கல்லில் தேய்த்துப் பார்க்காமல் அதன் தரம் எப்படித் தெரியும்? 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. எந்த நாட்டில் தயாரானது என்பதையும் காட்டியிருக்க வேண்டும். என் விளம்பரத்தில் அந்த இடமே காலி. விற்பனைத் தளம் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் தளத்திலும் எழுதினேன், 1915-இலும் பதிவு செய்தேன். மூன்று விளம்பரங்களின் படத்தையும் இணைத்த பிறகுதான் தளத்துக்காரர்கள் அசைந்தார்கள், கல்லுக்கான பணம் வந்தது. கத்திக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. பொக்கை போகும் வரை 1000 கல்லில் மறுபடி முதலிலிருந்து தீட்ட வேண்டியிருந்தது. அதில் தேய்ந்த எஃகு தேய்ந்ததுதான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் கருத்து: முதலில் இயற்கைக் கல் பக்கமே போக வேண்டாம். நானிவா, ஷாப்டன், நார்ட்டன் போன்ற பெயருள்ள தயாரிப்பில், நம்பகமான கடையில் 1000 ஒன்று, நடுத்தரமாக 4000 அல்லது 5000, பிறகு 8000. இவற்றோடு நல்ல தோல்வாரும் இருந்தால் முகத்துக்குப் போதும். அவ்வளவு செலவு முடியாது என்றால் தட்டையான கண்ணாடியின் மேல் ஒட்டித் தேய்க்கும் லேப்பிங் ஃபிலிம் (நுண்துகள் பூசிய மெல்லிய தாள்) இருக்கிறது. ஒரு மைக்ரான் தாள் நல்ல விளிம்பைத் தரும், குழியும் பிரச்சினையும் கிடையாது. 'ரூபி' கல், 'அகேட்' கல் என்று சில நூறு ரூபாய்க்கு வரும் '3000', '10000' கற்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இயற்கைக் கல்தான் வேண்டும் என்றால், அனுப்பப் போகும் அதே கல்லின் பக்கவாட்டையும் அடிப்பக்கத்தையும் ஈரமாக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடியில் ஸ்லேட் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கோட்டிகுல்லில் அது வழக்கம். படம் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இந்தக் கல்லை ஏற்கெனவே வாங்கியவர்கள் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கல், பெட்டி, பில், விளம்பரத்தின் படம் நான்கையும் பத்திரமாக வையுங்கள். புகாரில் கேட்பது இவற்றைத்தான்.