வலுவான வில்லையா, மெல்லிய வில்லையா?

கரும்பொருள் ஒளி விடாது. அதன் ஈர்ப்பு, பின்னாலிருந்து வரும் ஒளியைக் கண்ணாடி வில்லை (லென்ஸ்) போல வளைப்பது ஒரு முக்கியத் தடயம். விண்மீன் மண்டலக் கொத்துகளில் கரும்பொருளைப் படிக்க இரண்டு வழிகள்: பின்னாலுள்ள மண்டலங்கள் வில் போல வளைந்து தெரியும் வலுவான வில்லை, அவற்றின் உருவம் லேசாக மட்டும் நீளும் மெல்லிய வில்லை. எதை எடுப்பது என்று தயங்கும் மாணவர்களுக்காக இது.

எந்தப் பகுதி?
வலுவானது: கொத்தின் நடு மட்டும்.
மெல்லியது: பல லட்சம் ஒளியாண்டு தள்ளியுள்ள ஓரம் வரை.

என்ன தேவை?
வலுவானது: தெளிவான ஒளிவில்களும் அவற்றின் தூரமும். ஏபெல் 370 கொத்தின் மாபெரும் வில், பின்னாலுள்ள வேறொரு மண்டலத்தின் உருவம் என்பதை 1988இல் நிறமாலைதான் உறுதிசெய்தது.
மெல்லியது: ஏராளமான மங்கலான மண்டலங்கள். ஒவ்வொன்றின் உருவமும் பெரும்பாலும் சில சதவீதமே நீளும். தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சராசரி எடுத்தால்தான் பேசும். அப்புறம், காற்றும் தொலைநோக்கியும் உண்டாக்கும் கோணலையும் கழிக்க வேண்டும். உண்மையான உழைப்பு இங்கேதான்.

மையத்தில் கரும்பொருள் எவ்வளவு அடர்த்தி என்று கேட்டால் வலுவானது. மொத்த நிறை வேண்டுமென்றால் மெல்லியது. ஒன்றோடொன்று மோதிய இரு கொத்துகளான புல்லட் கொத்தில் 2006இல் இரண்டையும் சேர்த்தே நிறை வரைபடம் போட்டார்கள். சூடான வாயு ஓரிடம், நிறையின் பெரும்பகுதி வேறிடம்! அதாவது, அந்த நிறை வாயு அல்ல, கரும்பொருள். முடிந்தால் நானும் இரண்டையும் சேர்க்கவே சொல்வேன்.