இலவசக் கரண்ட் வராத ஊரில் மூன்று வாரம்

2012 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். கோவை மாவட்டத்தில் விசைத்தறிகள் நிறைந்த சோமனூர் பக்கம். போன வேலை ஒன்றே ஒன்றுதான், அப்பா பெயரில் இருந்த நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பட்டா மாற்ற எழுதிக் கொடுப்பது. இரண்டு நாளில் முடித்துவிட்டு மிச்ச நாள் சும்மா இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

முதல் ராத்திரியே முழிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தறிச் சத்தத்தில்தான் தூக்கம் வரும், நின்றால்தான் எழுந்து உட்காருவோம். பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போய், தெரு முழுக்கத் தறி ஒரே நொடியில் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது, அடுத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி போனது. அம்மா அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பி, கிரைண்டரில் மாவு ஆட்டி... நடுராத்திரி இரண்டு மணிக்கு இட்லி மாவு ஆட்டுகிற வீடு எங்களுடையது மட்டுமில்லை, பக்கத்து வீட்டிலும் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு நாளில் 14 மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே கரண்ட் இல்லை. இதே மாநிலத்தின் தலைநகரில் வெட்டு ஓரிரு மணி நேரம்தான். வருகிற வழியில் சென்னையில் ஒரு நாள் தங்கியபோது நண்பர் அதற்கே அலுத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்கு எட்டுத் தறி. பாவு (துணியின் நீளவாக்கில் ஓடும் இழை), நூல் எல்லாம் வேலை கொடுப்பவர்களே கொடுப்பார்கள், இவர் கூலிக்கு நெய்து தருவார். தறிக்குடோனில் ஒரு டியூப் லைட் சுவிட்சை மட்டும் எப்போதும் போட்டே வைத்திருப்பார்கள். தறி ஓட்டுகிறவர்கள் அதற்குக் கீழேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள், லைட் எரிந்தால் எழுந்து ஓட்ட வேண்டும். "கரண்ட் எப்பங்க சித்தப்பா வரும்?" என்று கேட்டேன். "வந்தா வந்துதுன்னு தெரியும் கண்ணு" என்றார்.

வந்ததும் அப்படியே விட்ட இடத்திலிருந்து ஓடிவிடாது என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாடா, அதாவது குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் கட்டை, பாதி வழியில் நின்றிருக்கும். அதைக் கையால் எடுத்துவிட்டு, அறுந்த இழையை முடிந்து, தறியைக் கையாலேயே கொஞ்சம் பின்னால் திருப்பி அப்புறம்தான் போட வேண்டும். அப்படியும் நின்ற இடத்தில் துணியின் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு விழும். சித்தப்பா துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், ஒரே பீஸில் ஒன்பது கோடு. கோடு இருந்தால் கூலியில் பிடிப்பார்கள். ஆக, கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டுமில்லை, கரண்ட் இருந்த நேரத்தில் நெய்ததிலும் நஷ்டம்.

ஜெனரேட்டர் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கியிருந்தார், கடனில். எட்டுத் தறிக்கு மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் டீசல் குடிக்கும். அந்த செப்டம்பரில்தான் லிட்டருக்கு 5 ரூபாய் ஏற்றியிருந்தார்கள், கிட்டத்தட்ட 50 ரூபாய். மணிக்கு நூறு ரூபாய், எட்டுத் தறியும் சேர்ந்து நெய்வது இருபத்தைந்து மீட்டர், ஆக மீட்டருக்கு 4 ரூபாய் டீசலுக்கே போய்விடும். கூலியில் பெரும்பகுதி அதுதான். ஓட்டினாலும் நஷ்டம், நிறுத்தினால் ஆள் போய்விடுவார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் அப்போது அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது, அதைப் பற்றி சித்தப்பா சொன்னது: "எலவசமாக் குடுக்கறாங்க, ஆனா குடுக்கத்தான் மாட்டேங்கறாங்க."

என் வேலைக்கு வருகிறேன். சான்று வாங்கப் போன அலுவலகத்தில் நான்கு தடவையும் ஒரே பதில், "கரண்ட் இல்லைங்க, சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனால் ஆள் இல்லை. ஜெராக்ஸ் கடையில் பக்கம் ஒரு ரூபாய், ஜெனரேட்டர் ஓடினால் மூன்று ரூபாய் என்று அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருந்தார்கள், அந்த நேர்மை பிடித்திருந்தது. ஏடிஎம் இரண்டு நாள் இருட்டு. வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தோம், ஆனால் ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் வருகிற கரண்டில் பேட்டரி எங்கே நிறையும்? ஊர் முழுக்க எல்லா இன்வெர்ட்டரும் கரண்ட் வந்த நிமிடமே சார்ஜ் இழுப்பதால் லோடும் ஏறிவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பல்லடம் தாண்டிப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலை. தமிழ்நாட்டில் அப்போதே காற்றாலை மட்டும் சுமார் 7000 மெகாவாட். மே முதல் செப்டம்பர் வரை சுற்றும், அக்டோபரில் காற்று படுத்துவிடும், வெட்டு ஏறிவிடும். கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையங்கள் தாமதம், கூடங்குளம் முதல் உலை மின்சாரம் கொடுத்ததே 2013 அக்டோபரில்தான். வெளி மாநிலத்தில் வாங்கலாம் என்றால் கொண்டுவர லைன் போதாது. ரெய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வந்து தென்னிந்தியா மற்ற இந்தியாவோடு ஒரே மின்கட்டமைப்பாகச் சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ல். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு ஊரில் யாருக்கும் காரணத்தில் ஆர்வம் இல்லை, அடுத்து எத்தனை மணிக்கு வரும் என்பது மட்டும்தான் பேச்சு.

ஐந்தாவது தடவை சான்று கிடைத்தது, நான் கிளம்புவதற்கு முந்தின நாள். பட்டாவுக்கு எழுதிக் கொடுக்க நேரம் இல்லை, மறு வருஷம் இன்னொரு டிக்கெட் எடுத்து வந்தேன். அதற்குள் சித்தப்பா இரண்டு தறியைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டிருந்தார். ஜெனரேட்டருக்குத் தவணை 2015 வரை கட்டினார். கரண்ட் அதற்கு முன்பே சரியாகிவிட்டது, கட்டட வேலைக்குப் போன இரண்டு பேரும் திரும்பி வரவில்லை.