தி எக்ஸார்சிஸ்ட் 4கே: இரண்டு பதிப்பில் எதை முதலில் போடுவது?

பிசாசு பிடித்த ஒரு சிறுமிக்கு இரண்டு குருமார் பேயோட்டும் படம் 'தி எக்ஸார்சிஸ்ட்'. வீட்டில் 4கே டிஸ்க் பிளேயர் இருந்தால் அதன் 4கே தொகுப்பை வாங்குங்கள். 1973 டிசம்பர் 26 இல் வெளியான படத்துக்கு ஐம்பது வயதானபோது, 2023 இல், வார்னர் வெளியிட்ட தொகுப்பு இது. தியேட்டரில் ஓடிய 122 நிமிடப் பதிப்பும், காட்சிகள் சேர்த்து 2000 இல் வந்த 132 நிமிடப் பதிப்பும் உள்ளே இருக்கின்றன. முதன்முறை பார்ப்பவர் 122 நிமிடத்தைத்தான் போடவேண்டும். நீளமானதுதான் முழுமையானது என்று எண்ணி மற்றதில் தொடங்கினால் படத்தின் முதுகெலும்பு முறிந்துவிடும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

4கே டிஸ்க்குக்கு வலயப் பூட்டு இல்லை. லண்டனிலிருந்து வந்தாலும் கனடாவிலிருந்து பொதியில் வந்தாலும் கொழும்பில் ஓடும். சிக்கல் பிளேயரில்தான். வட அமெரிக்காவில் வாங்கியதென்றால் அதன் பின்புற ஸ்டிக்கரை வாசியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் நமது 230 வோல்ட்டில் செருகிய கையோடு பவர் சப்ளை கருகும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், குருமாரின் பேச்சு பல இடங்களில் முணுமுணுப்புத்தான்.

பழைய டிவிடியில் பார்க்க நினைப்பவர்கள் உறையை நம்பாமல் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடி, வினாடிக்கு 24 பிரேமாக எடுத்த படத்தை 25 பிரேமாக ஓட்டும். அதனால் 122 நிமிடம் ஏறக்குறைய 117 ஆகவும், 132 நிமிடம் 127 ஆகவும் குறையும். ஐந்து நிமிடம் போவதில் நட்டமில்லை; குரலின் சுருதி ஏறுவதுதான் கேடு. சிறுமி ரீகனின் வாயிலிருந்து வரும் பிசாசின் குரல் மெர்சிடிஸ் மக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. பச்சை முட்டை விழுங்கி, சிகரெட் மேல் சிகரெட் பிடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு கொடுத்த குரல் அது. 4 சதவீதம் சுருதி ஏறினாலே அதன் கனம் போய்விடும்.

படத்துக்குக் கிடைத்த இரண்டு ஒஸ்காரில் ஒன்று ஒலிக்கு. மற்றது திரைக்கதைக்கு, நாவலை எழுதிய வில்லியம் பீற்றர் பிளாட்டியே அதையும் எழுதினார். ஆகவே ரி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். ஒலி அளவை வைப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது: தொடக்கத்தில் தாய் கிறிஸ், இரவில் கூரைக்குக் கீழே எதுவோ பிராண்டும் சத்தம் கேட்பாள், எலி என்று நினைப்பாள். அந்தப் பிராண்டல் தெளிவாகக் கேட்கும் அளவில் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுங்கள், பிறகு தொடவேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடலோரத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் கடைசி ரயில் போனபின் யன்னலைச் சாத்திவிட்டுத் தொடங்குவது உத்தமம். இந்தப் படம் பயமுறுத்துவது மௌனத்தால். ஒரு ரயில் போனால் ஒரு காட்சி போய்விடும். சுவர் மெல்லிய வீடென்றால் ஹெட்ஃபோன்தான் வழி, பிற்பாதியின் அலறல் மேல்மாடி வரை கேட்கும். ரீகனின் தலை திரும்பும்போது கழுத்தெலும்பு நொறுங்குவதுபோல் கேட்பதைக் கவனியுங்கள். அது ஒரு பழைய தோல் பர்ஸ். உள்ளே கடனட்டைகளோடு அதை மைக் அருகே பிடித்து முறுக்கியவர் மெக்சிக்கோ ஒலிக்கலைஞர் கொன்சாலோ கவீரா.

ரி.வி.யில் 'விவிட்' நிறம், அசைவை வழுக்கலாக்கும் வசதி, இரைச்சல் குறைப்பு மூன்றையும் நிறுத்துங்கள். கடைசி வசதி படச்சுருளின் மணித்துகளைத் துடைக்கிறேன் என்று முகத்தின் தோலையும் துடைத்துவிடும். அறை விளக்கை அணையுங்கள். ரீகனின் படுக்கையறையில் எல்லோர் வாயிலிருந்தும் வரும் மூச்சுப்புகை உண்மையானது: அறையையே செட்டாகக் கட்டி, குளிர்சாதனங்களால் உறைநிலைக்குக் கீழே இறக்கிப் படம்பிடித்தார்கள். கறுப்பு கறுப்பாக நின்றால்தான் அந்தப் புகை தெரியும்.

இனிப் படத்துக்கு வருவோம். பேயோட்டும் சடங்கு தொடங்குவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து. அதுவரை பெரும்பாலும் ஆஸ்பத்திரியும் மருத்துவர்களும்தான். மூளையில் கோளாறோ என்று சந்தேகித்து, கழுத்து நாடியில் ஊசி ஏற்றி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஊசியிலிருந்து இரத்தம் விட்டுவிட்டுப் பீறிடும். பட்டாணி சூப்பில் செய்த பச்சை வாந்தியைத் தாங்குபவர்களும் இந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒன்றும் அகப்படாத கட்டத்தில் பேயோட்டலை எடுத்துச் சொல்பவர்கள் மருத்துவர்களே. பிசாசு உண்டு என்பதற்காக அல்ல. பிடித்திருக்கிறது என்று நம்புபவருக்கு ஓட்டினார்கள் என்ற நம்பிக்கையே மருந்தாகலாம் என்பதற்காக. 'சந்திரமுகி'யில் மருத்துவர் நடத்தும் சடங்கு நாடகத்தின் கணக்கும் இதுதான். பிறகு வந்த பேயோட்டும் படங்களில் அநேகமானவை இந்தப் பகுதியைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுகின்றன. சந்தேகத்துக்கு நேரம் கொடுக்காத படத்தில் விசுவாசத்துக்கும் எடை இராது.

டேமியன் காரஸ் யேசுசபைக் குரு, மனநல மருத்துவரும்கூட. தன் விசுவாசம் கழன்றுகொண்டிருக்கிறது என்று சக குருவிடம் சொல்லும் நிலையில் இருப்பவர். அவர் செய்யும் சோதனைகள் 1614 இல் வந்த ரோமச் சடங்குநூல் சொல்லும் அடையாளங்களை ஒட்டியவை: படிக்காத மொழி பேசுதல், மறைவானதை அறிதல், வயதுக்கு மீறிய பலம். லத்தீனில் கேட்கிறார்; பிரெஞ்சுப் பாடப்புத்தக வாக்கியம் ஒன்று பதிலாக வருகிறது. குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளிக்கிறார். ரீகன் எரிவதுபோல் துடிக்கிறாள். அந்தத் துடிப்பைக் காட்டி வேறொரு படம் பிசாசை நிரூபித்திருக்கும். இங்கே அது பிசாசு பிடித்தது என்ற வழக்கைத் தோற்கடிக்கிறது, ஏனென்றால் அது வெறும் தண்ணீர்.

அதன் பிறகுதான் ரீகனின் வயிற்றில் 'காப்பாற்றுங்கள்' என்ற பொருளில் இரண்டு சொற்கள் எழும்புகின்றன. ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் செய்த வேலை. லேட்டெக்ஸ் வயிற்றில் கரைப்பான் தொட்டு எழுதினால் எழுத்து கொப்புளமாக வீங்கும், சூடான காற்றடித்தால் வற்றும். வற்றுவதைப் பிடித்துத் தலைகீழாக ஓட்டினார்கள்.

ஆயரின் அனுமதி இல்லாமல் சடங்கு செய்யக்கூடாது என்பதையும் படம் விடவில்லை. இன்றைய திருச்சபைச் சட்டத்தில் அது 1172ஆவது பிரிவு. சடங்கை நடத்த வரும் மூத்த குரு மெரின் பாதர் வந்த உடனே கேட்பது அங்கி, மேலே போடும் வெள்ளைச் சட்டை இரண்டு, ஊதாத் துகில், தீர்த்தம், சடங்குநூல். பரலோக மந்திரம், சங்கீதம், கட்டளைச் செபம் என்று வரிசை போகிறது. பிசாசுக்கு வீண் பேச்சுக் கொடுக்காதே, அது பொய்யையும் உண்மையையும் கலந்து பேசும் என்று காரஸுக்குச் சொல்லியே உள்ளே கூட்டிப்போகிறார். அந்த ஒரு விதிதான் உடைகிறது. செத்துப்போன தாயின் குரலில் அது பேசும்போது காரஸ் செபத்தை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறார்.

நீண்ட பதிப்பில் சேர்த்தவை ஒரே தரமல்ல. ரீகன் தலைகீழாகப் படியில் இறங்கும் காட்சி பார்க்க அதிர்ச்சிதான். ஆனால் மருத்துவம் நடந்துகொண்டிருக்கும்போதே அது வந்து, சந்தேகத்துக்கு இருந்த இடத்தை அடைத்துவிடுகிறது. இருட்டு மூலைகளில் புதிதாக ஒட்டிய பிசாசு முகங்களும் அப்படியே. முதல் பதிப்பில் காரஸின் கனவில் ஒரு கண்ணிமைப்பில் போகும் வெள்ளை முகத்தின் பலத்தை அவை குறைக்கின்றன.

நல்லது ஒன்று உண்டு. சடங்கின் இடைவேளையில் இரண்டு குருக்களும் படிக்கட்டில் அமர்ந்திருப்பார்கள். 122 நிமிடத்தில் அங்கே பேச்சில்லை. 132 இல் காரஸ் கேட்கிறார், ஏன் இந்தச் சிறுமி என்று. நாம் நம்மையே மிருகமாக, கடவுளின் அன்புக்குத் தகாதவர்களாக எண்ணவேண்டும் என்பதே பிசாசின் நோக்கம் என்கிற கருத்தில் மெரின் பதில் சொல்கிறார். பிளாட்டி இதைத் திரும்பச் சேர்க்க விரும்பியதில் ஆச்சரியமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மதம் பார்க்காமல் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, எதையும் நம்பாத கிறிஸ் ஒரு குருவின் முன் ஏன் கெஞ்சுகிறாள் என்று விளக்கவேண்டியதில்லை.

சிறுவர்கள் இருக்கும்போது போடவே கூடாது. சிலுவையை வைத்து ரீகன் தன்னையே காயப்படுத்தும் காட்சியும், கோயில் சுருபம் அவமதிக்கப்பட்டிருக்கும் காட்சியும், கேட்கக் கூசும் தூஷணமும் இரண்டு பதிப்பிலும் வெட்டாமல் இருக்கின்றன. செபமாலை சொல்லிப் படுக்கும் பெரியவர்களோடு பார்ப்பதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாவது டிஸ்க்கை அன்றிரவே போடாமல் ஒரு வாரம் விட்டுப் போடுங்கள். படிக்கட்டில் அந்த இருவரும் பேசத் தொடங்கும்போது, முன்பு அங்கே இருந்த மௌனம் நினைவில் இருக்கும்.