வேலூரைச் சுற்றிய கிராவல் பாதைகள்: அமிர்தியா, பீஞ்சமந்தையா, மோர்தானாவா?

வேலூரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் கரடுமுரடான பாதையைத் தேடி இமயமலை வரை போக வேண்டியதில்லை. கோட்டையிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரத்துக்குள் நல்ல தார்ச்சாலை முடிந்து, பெயர்ந்த ஜல்லியும் செம்மண்ணும் கிராவலும் தொடங்கும் இடங்கள் மூன்று திசைகளில் இருக்கின்றன. தெற்கே அமிர்தி வழியாக ஜவ்வாது மலை. தென்மேற்கே ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தை. மேற்கே குடியாத்தம் தாண்டி மோர்தானா. முதன்முறையாகப் போகத் திட்டமிடுகிறவர்கள் இவற்றில் எது கடினம், எது அழகு என்று விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: பாதி வழியில் வண்டி நின்றுபோனால் எந்தப் பக்கமாக இறங்கி வீடு வந்து சேர முடியும்? இந்தக் கேள்விக்கு மூன்று பாதைகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. என் தேர்வும் அதிலிருந்துதான் வருகிறது.

ஏலகிரியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகளும் தார். விடுமுறை நாளில் கார்க் கூட்டம். கிராவல் தேடுபவருக்கு அங்கே எதுவும் இல்லை. பாலாற்று மணலையும் சேர்க்கவில்லை. அது பாதையே அல்ல.

அமிர்தி வழியிலிருந்து தொடங்குகிறேன். வேலூரிலிருந்து ஆரணி சாலையில் அடுக்கம்பாறை, கணியம்பாடி என்று போய்ப் பிரிந்தால் சுமார் 25 கி.மீ. தொலைவில் அமிர்தி. அங்குள்ள சிறு உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அத்துடன் திரும்பிவிடுவார்கள். நமக்கு வேண்டியது அதற்கு மேலே, நம்மியம்பட்டு வழியாக ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலை. ஒடுங்கிய சாலை, இரு பக்கமும் காடு. ஒவ்வொரு மழைக்காலமும் முடியும்போது ஓரங்கள் அரித்துப் போய், வளைவுகளில் ஜல்லி சிதறிக் கிடக்கும். தார் இருக்கும் துண்டில் வேகம் பிடித்து, அடுத்த வளைவில் ஜல்லியைச் சந்திப்பதுதான் இங்கே உண்மையான ஆபத்து. தொடர்ந்து மோசமாக இருக்கும் பாதை நம்மை எச்சரிக்கையாக வைத்திருக்கும். விட்டு விட்டு மோசமாக இருக்கும் பாதை ஏமாற்றிவிடும். அதனால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். சாய்ந்த பிறகு முன் பிரேக்கைத் தொட்டால், களத்தில் பரப்பிய கேழ்வரகின் மேல் கால் வைத்ததுபோல முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த வழியை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், மேலே ஏறிய பிறகு இறங்குவதற்கு மூன்று வழிகள் இருப்பதுதான். ஜமுனாமரத்தூர் இப்போது ஒரு தாலுகாவின் தலைமையிடம். அங்கிருந்து கிழக்கே போளூருக்கு பஸ் ஓடும் மலைச்சாலை இறங்குகிறது. மேற்கே காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்கி வாணியம்பாடி போகலாம். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் வந்த வழியே திரும்பலாம். காலையில் மழை பிடித்துக்கொண்டாலும், தோள்பட்டை வலித்தாலும், சங்கிலி அறுந்தாலும், ஏதோ ஒரு பக்கம் பஸ்ஸோ சிறு சரக்கு வண்டியோ கிடைக்கும். விழுந்து அடிபட்டால் அமிர்திப் பக்கம் இறங்கியதும் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பயணத்தை இப்படிக் கணக்குப் போட்டுத் திட்டமிடுவது பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைப்பவர்களோடு நான் மலை ஏறுவதில்லை.

பார்க்க வேண்டியவையும் இந்தச் சுற்றில்தான் அதிகம். ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவி, கோமுட்டேரி. ஆலங்காயம் பக்கம் இறங்கும்போது காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். செய்யாறு, நாகநதி, கமண்டல நதி எல்லாம் இந்த மலையில்தான் பிறக்கின்றன. வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. மலை மட்டும் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களிலும் கிடக்கிறது. இது வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. ஒரு பக்கத்து வனச் சோதனைச் சாவடியில் கேட்டது மறுபக்கத்துக்குச் செல்லாது. இரு பக்கமும் விசாரிக்க வேண்டும்.

பீஞ்சமந்தை வேறு வகை. அணைக்கட்டு ஒன்றியத்தின் மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகியவற்றின் மக்கள் நெடுங்காலம் மண்பாதையை நம்பியே வாழ்ந்தவர்கள். ஒடுகத்தூருக்கு அப்பால் முத்துக்குமரன் மலை அடிவாரத்திலிருந்து ஏறும் பாதைக்கு அண்மை ஆண்டுகளில்தான் தார் வந்தது. சிற்றூர்களுக்குப் பிரியும் கிளைப்பாதைகளில் இன்னும் கல்லும் மண்ணும்தான். ஓட்டும் திறமைக்கு உண்மையான சோதனை இங்கேதான். செங்குத்தான ஏற்றத்தில் உருளும் கற்கள், மழைநீர் நடுவில் அறுத்துவிட்ட வாய்க்கால், அதன் இரு கரையில் எதில் சக்கரத்தை வைப்பது என்று முன்பே பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம். ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

ஆனால் வெளியேறும் வழி என்று பார்த்தால் ஏறிய பாதையை நம்பித்தான் இறங்க வேண்டும். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2023 மே மாதம் இதே மலைத்தொடரின் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியவில்லை. சாலை இல்லாததால் இறந்த குழந்தையைத் தாய் கையில் ஏந்திக்கொண்டு மலையில் நடக்க வேண்டியதாயிற்று. நமக்குச் சாகசமாக இருக்கும் கற்கள்தான் அவர்களுக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் இடையே கிடக்கின்றன. அங்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து வண்டிகள் கூட்டமாகப் போய், சைலன்சரை அலறவிட்டு, ஈரமான மண்பாதையை உழுதுவிட்டு வருவது அநியாயம். நாம் உண்டாக்கிய தடத்தில் மறுநாள் கர்ப்பிணியை ஏற்றிய வண்டி இறங்க வேண்டியிருக்கலாம். பீஞ்சமந்தைக்கு இரண்டு அல்லது மூன்று வண்டிகள் போதும். மண் காய்ந்திருக்கும் நாளில் மட்டும் போகலாம். ஊருக்குள் இரண்டாம் கியருக்கு மேல் வேண்டாம். அறுவடைக் காலத்தில் சாமையைச் சாலையிலேயே காயவைத்திருப்பார்கள். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனால், "எங்கிருந்து வருகிறீர்கள் தம்பி, தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். மேலே ஓடையில் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பாதை அரித்துக் கிடக்கிறது என்ற தகவல் எந்த வரைபடத்திலும் இல்லாத அளவுக்குத் துல்லியமாக அந்தப் பேச்சில் கிடைக்கும்.

மோர்தானாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குடியாத்தம் வேலூரிலிருந்து சுமார் 35 கி.மீ.; அங்கிருந்து கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே கட்டிய மோர்தானா அணை வரை போகலாம். மூன்றில் ஏற்றம் குறைந்தது இதுதான்; கிராவலில் நின்றுகொண்டு ஓட்டிப் பழகப் பொருத்தமான தரை. தடை யானைதான். எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கம் கவுண்டன்யா வனவிலங்குச் சரணாலயம். 1980களில் ஓசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து யானைகள் இங்கே வந்து தங்கிய பிறகு 1990இல் அறிவிக்கப்பட்டது அது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதி மாந்தோப்புகளிலும் நெல் வயல்களிலும் அவை இறங்குவது அங்குள்ள விவசாயிகளின் தீராத துயரம். அதிகாலையும் அந்தியும் யானைகளுக்கு உரிய நேரம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் அங்கே வண்டி ஓட்டாதீர்கள். வெயில் ஏறிய நேரத்தில் மட்டும் ஓட்டக்கூடிய இடம், வேலூர் வெயிலில் எத்தனை மாதங்களுக்குப் பொருந்தும் என்று பார்த்தால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான்.

மூன்று பாதைக்கும் பொதுவான ஒன்று: பொதுச்சாலையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியைத் திருப்புவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. இரவில் காட்டோரம் நிற்கும் வெளியூர் வண்டியை வனத்துறையினர் நிறுத்தி விசாரிப்பதில் தவறே இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டோம். கோடையில் காய்ந்த புல்லின் மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்துவதே தீக்குப் போதும். மார்ச் முதல் ஜூன் வரை மலைப்பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இனி வண்டி. நம் பக்கத்தில் இந்தப் போட்டி பெரும்பாலும் இரண்டுக்கு இடையில்தான்: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. ஹிமாலயனுக்கு 452 சி.சி., 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க். எக்ஸ்பல்ஸுக்கு 199.6 சி.சி., சுமார் 19 குதிரைத்திறன், 13 லிட்டர். தாளில் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போதும் ஹிமாலயன்தான் சுகம். எக்ஸ்பல்ஸ் அங்கே மூச்சு வாங்கும். ஆனால் பெரிய டேங்கால் இந்தச் சுற்றில் பயனில்லை. லிட்டருக்கு 35 கி.மீ. கொடுத்தாலே எக்ஸ்பல்ஸ் 400 கி.மீ.க்கு மேல் ஓடும். ஜவ்வாது சுற்று 200 கி.மீ.யை ஒட்டித்தான் வரும்.

தீர்மானிப்பது எடை. ஹிமாலயன் 196 கிலோ, எக்ஸ்பல்ஸ் 160க்குச் சற்றுக் குறைவு. இந்த 37 கிலோவின் அர்த்தம் சரிவில் வண்டி கீழே விழும்போது புரியும். பள்ளத்தின் பக்கமாக விழுந்தால் கைப்பிடி சக்கரங்களைவிடத் தாழ்வாகக் கிடக்கும். அப்போது முதலில் வண்டியைத் தரையிலேயே இழுத்துச் சுழற்றிச் சக்கரங்களைப் பள்ளத்தின் பக்கம் கொண்டுவர வேண்டும். கியரில் விட்டு, முதுகை வண்டிக்குக் கொடுத்து, முழங்காலை மடக்கி, கால் பலத்தில் எழுப்ப வேண்டும். எக்ஸ்பல்ஸை ஓர் ஆள் இப்படி இரண்டு மூன்று தடவை எழுப்பலாம். ஹிமாலயனை ஒருமுறை எழுப்பினாலே மீதிப் பகலுக்கு வேண்டிய தெம்பில் பாதி போய்விடும். களைத்தவர் மறுபடியும் விழுவார். ஆகவே பீஞ்சமந்தைக்கு எக்ஸ்பல்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமிர்திச் சுற்றுக்கு, சொந்தமாக ஹிமாலயன் இருந்தால் அதிலேயே போகலாம். இதற்காகப் புதிதாக வாங்குவதாக இருந்தால் எக்ஸ்பல்ஸ். இருக்கை உயரம் இரண்டிலும் 825 மி.மீ. என்பதால் குட்டையானவர்களுக்கு இரண்டுமே சற்றுச் சிரமம். அவர்கள் 800 மி.மீ. உயரமுள்ள பழைய ஹிமாலயன் 411ஐத் தேடுவதுண்டு. அதன் எடை 199 கிலோ என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டயர் விஷயத்தில் இரண்டும் ஒரே சிக்கலைத் தரும். இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலம். மலையடிவாரத்துப் பஞ்சர் கடைகளில் 17, 18 அங்குல டியூப் தொங்கும். 21 அங்குலம் கிடைக்காது. அதனால் ஒரு 21 அங்குல டியூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு அந்த டியூபைப் பின்சக்கரத்துக்குள்ளும் மடித்துப் போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். கிராவலுக்காகக் காற்றைக் குறைக்கும்போது, நிறுவனம் சொன்ன அளவிலிருந்து ஐந்து பி.எஸ்.ஐ. குறைத்தால் பிடிப்பு நன்றாகவே கூடும். அதற்குக் கீழே போனால் கல்லில் மோதும்போது ரிம்மே டியூபைக் கடித்துவிடும். தார் வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் கைப்பம்பு இல்லாமல் காற்றைக் குறைக்கவே கூடாது.

முதல் பயணத்துக்கு அமிர்திச் சுற்று என்று முடிவானால் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்ற கேள்வி மிஞ்சும். வாணியம்பாடி வழியாக ஏறி அமிர்தியில் இறங்கலாம் என்று சிலர் விரும்புவதற்குக் காரணம், கடைசியில் வேலூர் பக்கத்திலேயே வந்து விழுவது. நான் அதை எதிர்க்கிறேன். கிராவலில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். அந்தக் கடினத்தைச் சோர்ந்த கைகளோடு, காட்டில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் செய்ய வேண்டியிருக்கும். காலை 6 மணிக்கு வேலூரில் கிளம்பி, கண்ணமங்கலம் அல்லது கணியம்பாடிப் பக்கத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, அமிர்தி வழியாக ஏறுங்கள். பதினொரு மணிவாக்கில் ஜமுனாமரத்தூர். சாப்பாட்டுக்குப் பிறகு அருவியோ ஏரியோ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, மாலை 4 மணிக்குள் காவலூர் வழியாக ஆலங்காயம் இறங்கிவிட வேண்டும். வாணியம்பாடியிலிருந்து வேலூருக்குத் திரும்பும்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்; கண்ணில் அடிக்காது. அன்று மேலே ஜல்லிச் சாலை உங்களுக்கு எளிதாக இருந்திருந்தால் அடுத்த முறை ஒடுகத்தூர்ப் பக்கம் திட்டமிடலாம்.