டகி சென்டர்: கூடப்பிறந்ததைப் பறிகொடுத்த பிள்ளைக்கு

தம்பியோ அக்காவோ இறந்துபோன வீட்டில், மிச்சமிருக்கும் பிள்ளையிடம் துக்கம் விசாரிப்பவர்கள் குறைவு. வருகிறவர்கள் "அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதுவும் பார்த்துக்கொள்கிறது. அம்மா அழுவாளே என்று கேட்க வந்ததை அப்படியே விழுங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டில் இருக்கும் டகி சென்டர், வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்காகவே நடக்கிறது. மூளைக் கட்டியால் 13 வயதில் இறந்த டகி டுர்னோ என்ற சிறுவனின் பெயரில், பெவர்லி சாப்பெல் என்ற நர்ஸ் 1982-ல் தொடங்கினார். கட்டணம் கிடையாது.

இங்கே மிகவும் பிடித்தது, குழு பிரிக்கும் முறை. வயதை மட்டும் பார்ப்பதில்லை, இறந்தது பெற்றோரா கூடப்பிறந்தவரா என்றும் பார்க்கிறார்கள். அது அவசியம். கூடப்பிறந்ததை இழந்த பிள்ளையின் மனதில் ஓடுவதே வேறு. முந்தின நாள் சண்டையில் "நீ செத்துப் போ" என்று சொன்னோமே, அதனால்தானா? அவன் சைக்கிளை இனி ஓட்டலாமா? "உன்கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று பள்ளியில் கேட்டால் ஒன்று என்பதா, யாருமில்லை என்பதா? இதே கேள்வியோடு இன்னொரு பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வாய் திறக்கிறது.

பிள்ளைகள் ஓர் அறையில் கூடும் அதே நேரத்தில் பெற்றோர் வேறு அறையில் கூடுகிறார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதே பாதிப் பாரத்தைக் குறைக்கும். வட்டமாக உட்கார்ந்து பெயரையும் இறந்தவர் யாரென்பதையும் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் 'பாஸ்' என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பிறகு விளையாட்டு. 'எரிமலை அறை' என்று ஒன்று உண்டு. சுவரெல்லாம் மெத்தை பதித்திருக்கும். உள்ளே போய்க் குத்தலாம், கத்தலாம், விழுந்து புரளலாம். ஏழு வயதுக் குழந்தை ஐந்து நிமிடம் அழும், ஆறாவது நிமிடம் பந்து கேட்கும். துக்கம் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த வயதில் தாங்க முடிகிற அளவு அவ்வளவுதான்.

இது மனநல சிகிச்சை அல்ல. சாவை நேரில் பார்த்து நடுங்குகிற பிள்ளைக்கோ, தானும் செத்துப்போக வேண்டும் என்று சொல்கிற பிள்ளைக்கோ குழு மட்டும் போதாது. மனநல மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

போர்ட்லாண்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் சேர்க்கும் முன் ஒன்றைச் செய்ய வேண்டும். "சாமிகிட்ட போயிட்டான்", "தூங்கிட்டான்" என்று சொல்லி வைத்திருந்தால், "இறந்துட்டான், அவன் உடம்பு இனி வேலை செய்யாது" என்று வீட்டிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். தூங்கினால் தானும் எழுந்திருக்க மாட்டோமோ என்று ராத்திரியில் விழித்துக் கிடக்கும் பிள்ளைகள் உண்டு.

முதல் சில தடவை வெறும் 'பாஸ்' மட்டுமே வரலாம். பலன் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வரும்போது காரில் "என்ன பேசினே, அழுதியா?" என்று துருவவும் வேண்டாம். அடுத்த முறை வட்டத்திலும் உங்களை நினைத்தே பேசும்.