ஒரு காசை உரசிப் பார்த்துவிட்டு, மொத்தப் பெட்டிக்கும் 48 டச் போட்டார்கள்

பெரியப்பாவின் நாணயப் பெட்டியைப் போன மாதம் விற்றேன். விற்றேன் என்று சொல்வதைவிட, பழைய இரும்பைப் போல எடைக்குப் போட்டேன் என்பதே சரி. வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்கள் கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். போன துறைமுகங்களில் எல்லாம் கையில் மிஞ்சிய சில்லறையைச் சேர்த்து வைத்திருந்தார். பெட்டியில் முந்நூற்றுக்கு மேல் காசு. செம்பு, பித்தளை, அலுமினியம் எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கியபின் வெள்ளை நிறத்தில் 93 மிஞ்சின: 62 பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய்கள், 18 இங்கிலாந்து அரைக் கிரவுன்கள், 10 அமெரிக்க அரை டாலர்கள், ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் தலை போட்ட, தட்டையாய்ப் பெரிதாய் மூன்று தாலர்கள். 93-ம் வெள்ளி என்றே நம்பிக்கொண்டு போனேன். வெள்ளையாக இருப்பது வெள்ளி இல்லை என்பது ஜெர்மன் சில்வர் பாத்திரம் தேய்த்த எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு. வெள்ளி மட்டும் கிடையாது.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு நோட்டு செருகியிருந்தது. பெரியப்பா கிறுக்கல் என்று அதை மட்டும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டேன்.

பழைய வெள்ளி வாங்குகிறவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். குவியலுக்குள் கையை விட்டு அளைந்தார். ஒரு ரூபாயை எடுத்து, திருப்பிப் பார்த்து, திரும்பப் போட்டார். இன்னொன்று. அதையும் போட்டார். மூன்றாவதாக எடுத்த காசை மேசையில் வைத்து, "இதையே டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்மா, நீங்களும் பக்கத்துல நின்னு பாருங்க" என்றார். அரத்தால் விளிம்பில் நாலு இழுப்பு. தரம் காட்டும் எக்ஸ்ரே மெஷினில் வைத்தார். திரையில் 50-ஐ ஒட்டி எண் வந்தது.

"பாத்தீங்களா? பாதி வெள்ளி, பாதி செம்பு. வெள்ளைக்காரன் காசு எல்லாமே இப்படித்தாம்மா. உருக்கினா சேதாரம் ரெண்டு போகும். 48 டச் போட்டுக்கறேன்."

டச் என்றால் நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. எண்ணை என் கண்ணாலேயே பார்த்தேனே, அதில் என்ன சந்தேகம்? சரி என்றேன். காந்தம் வைத்து ஏழு ரூபாய்களை ஒதுக்கினார். பிறகு அரைக் கிரவுன்களைப் புரட்டி, "இந்த நாலும் வெள்ளி இல்ல" என்று அவற்றையும் என்னிடம் தள்ளினார். தாலர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "1780-னு போட்டிருக்கு, ஆனா நேத்து அடிச்ச மாதிரி இருக்கே. டூப்ளிகேட். போனாப் போகுது, இதோட சேத்துக்கறேன்." மிச்சம் 82 காசு. ஒரே தட்டில், ஒரே எடை: 1,031 கிராம். சீட்டில் ஒரே வரி: பழைய வெள்ளி நாணயம், 48 டச். கணக்கில் வெள்ளி 495 கிராம். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் நோட்டைத் திறந்தேன். கிறுக்கல் இல்லை. காசுக்குக் காசு ஆண்டு எழுதி, எத்தனை என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு எண். 917. 500. 925. 900. முதலில் அது விலையோ என்று நினைத்தேன். ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு அது என்று புரிய ஒரு மணி நேரம் ஆனது. புரிந்தபின் அன்றைக்கு எதுவும் ஓடவில்லை.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். விக்டோரியா ராணி காலத்திலிருந்து 1939 வரை அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. அதுதான் 917. ஒரு காசுக்கு 10.69 கிராம் சுத்த வெள்ளி. இரண்டாம் உலகப்போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜனங்களும் காசைப் பதுக்க ஆரம்பித்ததும், 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். எடை அதே 11.66. 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழு நிக்கல், பின்பக்கம் புலி. காந்தத்தில் ஒட்டிய ஏழும் அவைதான்.

என் 62 ரூபாய்களில் 44 காசுகள் 1862-க்கும் 1920-க்கும் இடைப்பட்டவை. 11 மட்டுமே 1940 முதல் 1945 வரை. அவர் அரம் போட்டது அந்தப் பதினொன்றில் ஒன்று.

அப்போதுதான் அந்த முதல் இரண்டு காசுகள் நினைவுக்கு வந்தன. எடுத்தவுடன் திரும்பப் போட்டாரே, ஒன்றில் ராணி தலை. இன்னொன்றில் கிரீடம் இல்லாத எட்வர்ட், பெரியப்பா நோட்டில் ‘மொட்டை ராஜா’. இரண்டில் எதை மெஷினில் வைத்திருந்தாலும் 91-ஐத் தாண்டியிருக்கும். மூன்றாவதாக எடுத்தது ஆறாம் ஜார்ஜ். மெஷின் பொய் சொல்லவில்லை, அந்தக் காசுக்கு 50 சரியான எண். அந்த எண்ணைக் கொண்டுபோய் மற்ற 81 காசுக்கும் ஒட்டியதுதான் வேலை.

அவருக்கே தெரியாமல் நடந்திருக்கலாமோ என்று ஒருநாள் முழுக்க அவருக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அரைக் கிரவுனில் வந்து அந்த வாதம் விழுந்தது. இங்கிலாந்துக் காசில் 1919 வரை ஆயிரத்துக்கு 925 வெள்ளி. முதல் உலகப்போர் முடிந்து வெள்ளி விலை எகிறியதால் 1920-இல் 500 ஆனது. 1947-இல் வெள்ளி அறவே போய் செம்பும் நிக்கலும் கலந்த கலவை வந்தது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு காரணம். மூன்று வகைக்கும் எடை அதே 14.14 கிராம்தான். அந்தச் செம்பு நிக்கல் கலவை காந்தத்திலும் ஒட்டாது. ஆகவே அந்த நாலு காசை ஆண்டைப் படித்துத்தான் அவர் ஒதுக்கியிருக்க முடியும். 1947 என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு 1919 என்றால் என்ன என்றும் தெரிந்திருக்கும். பழையவை ஐந்து இருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தாலர் கதை இன்னும் மோசம். மரியா தெரேசா இறந்த ஆண்டு 1780. அதற்குப் பிறகும் செங்கடல் பக்கத்து வியாபாரிகள் அந்தக் காசைத்தான் கேட்டார்கள் என்பதால், அதே ஆண்டைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் மட்டுமில்லை, ரோம், லண்டன், பம்பாய் நாணயச் சாலைகளிலும் அடித்தார்கள். புதிதாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. மறு அச்சாகவே இருந்தாலும் வெள்ளி வெள்ளிதான்: 28 கிராமுக்குச் சற்று மேல் எடை, ஆயிரத்துக்கு 833. ஒன்றில் 23 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. அதைத்தான் எனக்குத் தயவு காட்டுகிற மாதிரி ‘சேத்துக்கறேன்’ என்று வாங்கிக்கொண்டார்.

அரை டாலரில் ஆறு 1964-ம் அதற்கு முந்தியதும். 12.5 கிராம், 90 சதவீதம். மற்ற நாலு 1965-க்கும் 1970-க்கும் இடைப்பட்டவை, 11.5 கிராம், 40 சதவீதம்தான். அந்த நாலில் மட்டும் 48 டச் போட்டதால் எனக்கு மூன்றரை கிராம் லாபம்! நியாயத்துக்கு அதையும் சொல்ல வேண்டுமே. இந்த நாற்பது சதவீதக் காசில் ஒரு விசித்திரம் உண்டு. மேலே இருபுறமும் 80 சதவீத வெள்ளித் தகடு, நடுவில் வெள்ளி குறைந்த கலவை. எக்ஸ்ரே மெஷின் படிப்பது மேல்தோலை மட்டும்தான், அதனால் இதை அப்படியே வைத்தால் 80 என்று காட்டும். நம்மிடம் விற்க வருகிறவர் அந்த எண்ணைக் காட்டி நம்மையும் ஏமாற்றலாம்.

கணக்கைக் கூட்டினேன். 44 பழைய ரூபாயில் 470 கிராம். 11 போர்க்கால ரூபாயில் 64. அரைக் கிரவுனில் பழைய ஐந்துக்கு 65, நடுக்கால ஒன்பதுக்கு 63. அரை டாலரில் இரண்டு வகையும் சேர்ந்து 86. தாலரில் 70. மொத்தம் 818 கிராம் சொச்சம். காசு கைமாறித் தேய்ந்ததற்குக் கழித்தாலும் 800-க்குக் கீழே வராது. சீட்டில் 495. அந்தக் குவியலின் நிஜமான சராசரி 78 டச். முந்நூறு கிராமுக்கு மேல் வெள்ளியைக் கும்பிடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் 220 கிராம் அந்த 44 ரூபாயில் மட்டும் போனது.

நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

"மெஷின்ல நீங்களும்தானே பாத்தீங்க?" என்றார். ஒரு காசைத்தானே வைத்தீர்கள் என்றேன். "எல்லாத்தையும் ராவிப் பாக்க முடியுமாம்மா? அப்பவே சொல்லியிருந்தா பாத்திருப்பேன்." காசைத் திருப்பிக் கொடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "அன்னிக்கே உருக்கியாச்சு." குரலில் கோபமும் இல்லை, பதற்றமும் இல்லை. இந்தப் பேச்சைப் பலமுறை பேசிப் பழகியவர் என்று தோன்றியது. சீட்டில் என் கையெழுத்து இருந்தது. ஆண்டு வாரியாக எத்தனை காசு கொடுத்தேன் என்பதற்கு பெரியப்பாவின் பென்சிலைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

ஆகவே, உங்கள் பெட்டியைக் கடையில் திறக்காதீர்கள். வீட்டில் திறங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும், நாடு வாரியாக, ஆண்டு வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பையில் போடுங்கள். காசின் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பையும் தனி எடை, தனி டச், சீட்டில் தனி வரி என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குவியலாகக் கொட்டிய நிமிடமே என் கணக்கு முடிந்துவிட்டது.

காந்தத்தை நம்பிப் போகாதீர்கள். ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான் அது சொல்லும். ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று ஆகாது. செம்பும் பித்தளையும்கூடத்தான் ஒட்டாது. சுண்டிவிட்டு ஓசை கேட்பது பழகிய காதுக்கு ஓரளவு உதவும், எனக்கு எல்லாம் கணீரென்றுதான் கேட்கிறது.

ஆண்டு தேய்ந்துபோயிருந்தால் தண்ணீர்க் கணக்கு இருக்கிறது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். காசை முதலில் எடை போட்டுக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 917 ரூபாய்க்கு 10.3-ஐ ஒட்டி வரும், போர்க்கால ரூபாய்க்கு 9.5, நிக்கலுக்கு 8.9. ஒரே வகைக் காசு பத்தை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் துல்லியம். ஒற்றைக் காசில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலே எண் புரண்டுவிடும். இதை நான் இப்போது கற்றுக்கொண்டு என்ன பயன் என்று கேட்காதீர்கள்.

அரத்தைக் காசின் பக்கமே வர விடாதீர்கள். எனக்கு மனசு ஆறாதது எடையில் போன வெள்ளிகூட இல்லை. நோட்டில் ஒரு வரி: ‘1911 – பன்றி – 1’. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் அது. ராஜாவின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பவே காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். வெளியே தப்பியவற்றை அதனால்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள், வெள்ளிக்காக இல்லை. பெரியப்பா எந்தத் துறைமுகத்தில் அதைப் பிடித்தாரோ. அந்தக் காசும் 48 டச்சில் உருகிவிட்டது. அதை ஒருமுறை திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளி இல்லை என்று தள்ளிவிட்டதால் ஏழு புலிகளும் நாலு அரைக் கிரவுனும் வீட்டில் இருக்கின்றன. அவற்றையும் நோட்டோடு சேர்த்துப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.